அமெரிக்க ஊர் வரலாற்றாசிரியர் ஒருவரின் வம்சாவளியைத் தேடுவது எப்படி: ஆபி ஹெமன்வேயை வைத்து ஒரு வழிகாட்டி

ஆபி மரியா ஹெமன்வே பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவுக்கு ஒரு கட்டுரை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். வெர்மான்ட் மாநிலத்தின் லட்லோ ஊரில் 1828 அக்டோபர் 7 அன்று பிறந்தவர். பள்ளி ஆசிரியை. 1860-இல் வெர்மான்ட் குவார்ட்டர்லி கெசட்டியர் என்ற காலாண்டிதழைத் தொடங்கி, ஒவ்வொரு ஊரின் வரலாற்றையும் அந்தந்த ஊர்க்காரர்களையே எழுத வைத்துப் பெரும் தொகுதிகளாக்கியவர். 1890 பிப்ரவரி 24 அன்று சிகாகோவில் இறந்தார். இதெல்லாம் ஒரே மாலையில் கிடைத்துவிட்டது. அவருடைய குடும்பம் என்று ஒரு பத்தி எழுத ஏழு மாதம் ஆயிற்று. அதில் பாதிக்கு மேல் தப்பான இடத்தில் தேடிப் போன நாட்கள்.

19-ஆம் நூற்றாண்டு அமெரிக்கர் யாரைத் தேடினாலும் வழி ஏறக்குறைய இதுதான். ஆசிரியர், பத்திரிகை நடத்தியவர், உள்ளூர் வரலாறு எழுதியவர் என்றால் இன்னும் சில கதவுகள் உண்டு. நான் சென்ற வரிசையைச் சொல்லவில்லை. சென்றிருக்க வேண்டிய வரிசையைச் சொல்கிறேன்.

1. கணக்கு தொடங்குங்கள், ஆனால் பணம் கட்டாதீர்கள்

முதல் இரண்டு மாதத்துக்கு ஒரு பைசா செலவு வேண்டாம். பழைய பதிவேடுகளைத் தேடித் தரும் ஃபேமிலிசர்ச் தளம் இலவசம், ஒரு மின்னஞ்சல் போதும். பழைய புத்தகங்களுக்கு இன்டர்நெட் ஆர்க்கைவ், கல்லறைகளுக்கு ஃபைண்ட் எ கிரேவ், அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் பழைய செய்தித்தாள் தொகுப்பான குரோனிக்ளிங் அமெரிக்கா, இவையும் இலவசம். பாஸ்டனில் 1845-இல் தொடங்கிய நியூ இங்கிலாந்து வம்சாவளிச் சங்கத்தின் தளத்தில் விருந்தினர் கணக்குக்குக் கட்டணம் இல்லை (நியூ இங்கிலாந்து என்பது வெர்மான்ட் உள்ளிட்ட வடகிழக்கு மாநிலங்கள்). எல்லாம் திறக்காது, சிலது திறக்கும்.

கட்டணத் தளங்கள் 'இலவசச் சோதனை' என்று கூப்பிடும். கார்டு எண்ணைக் கேட்ட பிறகுதான் உள்ளே விடும். சோதனை முடியும் நாளுக்கு முன்பே நிறுத்தாவிட்டால் பணம் போய்விடும், எனக்குப் போனது. என்னென்ன தேட வேண்டும் என்ற பட்டியல் கையில் இருக்கும்போது, இரண்டு வாரம் முழுக்க நேரம் ஒதுக்க முடிகிறபோது மட்டும் அந்தச் சோதனையைத் தொடங்குங்கள். அன்றைக்கே நிறுத்தும் தேதியைப் போனில் அலாரமாக வையுங்கள்.

ஃபேமிலிசர்ச்சில் சில ஆவணங்களில் கேமரா படத்தின் மேல் ஒரு சாவி இருக்கும். அந்தப் படத்தை வீட்டிலிருந்து பார்க்க முடியாது. அவர்களுடைய மையத்திலோ இணைந்த நூலகத்திலோ போய்த்தான் பார்க்க வேண்டும். அப்படிப்பட்டவற்றைத் தனியாகக் குறித்து வைத்து, ஒரே நாளில் போய் எல்லாவற்றையும் முடியுங்கள்.

அதே தளத்தில் ஒரு பெரிய குடும்ப மரமும் இருக்கிறது. உலகத்தில் யார் வேண்டுமானாலும் அதில் எழுதலாம், மாற்றலாம். அதைத் துப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நான் அதிலிருந்து ஒரு தாத்தாவை அப்படியே எடுத்து எழுதிவிட்டு, மூன்று வாரம் கழித்து அழித்தேன்.

2. பெயரை எத்தனை விதமாக எழுதுவார்கள் என்று பட்டியல் போடுங்கள்

இந்த வேலையைத் தள்ளிப்போட்டதுதான் என் பெரிய பிழை. எச், இ, எம், இ, என், டபிள்யூ, ஏ, ஒய் என்பது அவர் எழுதிய முறை. பழைய பதிவுகளில் எம் இரட்டிக்கும், நடுவில் ஐ வரும், ஒரு ஜி-யும் சேர்ந்து 'ஹெமிங்வே' ஆகிவிடும். எல்லாம் ஒரே குடும்பமாக இருக்கலாம்.

ஒலி ஒத்த பெயர்களைச் சேர்த்துத் தேட சவுண்டெக்ஸ் என்ற குறியீட்டு முறை இருக்கிறதே, அது பிடித்துவிடும் என்று நினைத்தேன். பிடிக்காது. ஹெமன்வேக்கு எச்550 வரும். ஜி சேர்ந்த ஹெமிங்வேக்கு எச்552. அந்த ஒரு ஜி-யால் இரண்டும் வேறு வேறு பெட்டிக்குள் போய்விடுகின்றன. ஆகவே ஒவ்வொரு வடிவத்தையும் தனித்தனியாகத் தட்டித் தேடுங்கள். எச் என்ற பெரிய எழுத்தைக் கே என்று படித்து ஏற்றியவர்களும் உண்டு. அதையும் ஒரு முறை பாருங்கள்.

அடுத்து, முதல் பெயர். ஆபி என்பது அபிகெயிலின் செல்லப் பெயராகவும் வழங்கும். ஆபியின் அம்மா பெயர் அபிகெயில் டேனா பார்ட்டன். ஒரே வீட்டில் ஒரு அபிகெயிலும் ஒரு ஆபியும் இருக்கும்போது வயதைப் பார்க்காமல் எதையும் எழுதாதீர்கள். 1864-இல் கத்தோலிக்கராக மாறிய பிறகு அவர் 'மேரி ஜோசஃபின்' என்ற பெயரிலும் எழுதினார். மதம் மாறியவர், புனைபெயரில் எழுதியவர் என்றால் அந்தப் பெயரும் பட்டியலில் இருக்க வேண்டும்.

இன்னொன்று. நம் ஊரில் இனிஷியலில் அப்பா இருப்பார். நியூ இங்கிலாந்தில் நடுப்பெயரில் அம்மா வழியோ பாட்டி வழியோ குடும்பப் பெயர் ஒளிந்திருக்கும். ஆபியின் அப்பா டேனியல் ஷெஃபீல்ட் ஹெமன்வே. ஷெஃபீல்ட், டேனா இரண்டுமே குடும்பப் பெயர்களாக வழங்குபவை. அங்கே ஏதோ இருக்கிறது என்று குறித்துக்கொள்ளலாம். ஆதாரமாகக் காட்ட முடியாது.

3. இறப்பில் தொடங்கிப் பின்னோக்கி வாருங்கள்

புதிதாக வருபவர்கள் எல்லோரும் பிறப்பில் தொடங்குகிறார்கள், அல்லது கப்பலில் வந்த முன்னோரிடமிருந்து கீழே இறங்குகிறார்கள். கையில் உறுதியாக இருக்கும் கடைசித் தேதியைப் பிடித்து, ஒவ்வொரு படியாகப் பின்னால் போவதுதான் பாதுகாப்பு.

சிகாகோ இருப்பது குக் கௌண்டியில் (கௌண்டி என்பது மாநிலத்துக்குள் நம் மாவட்டம் போன்ற பிரிவு). 1871 தீயில் பழைய பதிவுகள் எரிந்துபோயின. 1890 அதற்குப் பிந்தியது என்பதால் கவலை இல்லை. ஃபேமிலிசர்ச்சில் குக் கௌண்டி இறப்புகளின் அட்டவணை உண்டு. அதிலிருந்து சான்றிதழ் எண்ணை எழுதிக்கொண்டு, கௌண்டி கிளார்க் அலுவலகத்தின் வம்சாவளிப் பிரிவில் நகல் கேட்கலாம். சிகாகோ இருக்கும் இல்லினாய் மாநிலத்தில் 20 ஆண்டுக்கு முந்தைய இறப்பு, 50 ஆண்டுக்கு முந்தைய திருமணம், 75 ஆண்டுக்கு முந்தைய பிறப்பு ஆகியவற்றை உறவினர் அல்லாதவரும் வம்சாவளி ஆவணமாக வாங்க முடியும்.

ஆனால் இதற்குப் பணம் கட்டும் முன் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். அந்தக் காலத்து சிகாகோ இறப்புச் சான்றிதழில் பெரும்பாலும் பெற்றோர் பெயர் இருக்காது. வயது, பிறந்த மாநிலம், திருமண நிலை, அடக்கம் செய்த இடம் இவைதான் கிடைக்கும். அடக்கம் செய்த இடம்தான் அதில் நமக்குப் பெரிய லாபம், ஏனென்றால் அடுத்த தேடல் அங்கிருந்து போகும்.

கல்லறைக் கற்களில் பிறந்த தேதிக்குப் பதில் இத்தனை வருடம், இத்தனை மாதம், இத்தனை நாள் என்று வயது செதுக்கியிருப்பார்கள். கழித்துப் பார்க்க வேண்டும். ஆபியின் இரண்டு தேதிகளையும் வைத்துப் போட்டுப் பாருங்கள்: 61 வருடம், 4 மாதம், 17 நாள் வரும். இந்தக் கணக்கு கைக்கு வந்துவிட்டால் மற்ற கற்களையும் படித்துவிடலாம்.

4. சென்சஸ்: எந்த ஆண்டில் எதைக் கேட்டார்கள் என்பதை முதலில் படியுங்கள்

அமெரிக்காவில் 1790 முதல் பத்தாண்டுக்கு ஒரு முறை கணக்கெடுப்பு. 1840 வரை குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான். மற்றவர்கள் வயதுக் கட்டத்தில் வெறும் எண்ணிக்கை. 1850-இல்தான் அடிமையாக இல்லாத எல்லோருடைய பெயரும் வருகிறது. ஆகவே ஆபியைப் பெயரோடு 1850-க்கு முன் எந்தச் சென்சஸிலும் பார்க்க முடியாது. 1830-இல் அவருக்கு வயது 1. அப்பா பெயருக்கு எதிரே 'ஐந்துக்குக் கீழ் பெண்' என்ற கட்டத்தில் இருக்க வேண்டும். 1840-இல் வயது 11. 'பத்து முதல் பதினைந்துக்குள்' கட்டம். இந்த இரண்டும் பொருந்துகிறதா என்று பார்த்தால், அதே பெயருள்ள வேறொரு டேனியலை ஒதுக்கிவிட முடியும்.

1850, 1860, 1870 மூன்றிலும் உறவு முறை எழுத மாட்டார்கள். வீட்டில் இருக்கும் பெண் மனைவியா, தங்கையா, இரண்டாம் தாரமா என்று தாள் சொல்லாது. 1880-இல்தான் 'மகள்', 'அத்தை' என்றெல்லாம் வருகிறது. பெற்றோர் எந்த மாநிலத்தில் பிறந்தவர்கள் என்பதும் அந்த ஆண்டில் உண்டு. உங்களுக்கு நேரம் ஒரு சென்சஸுக்குத்தான் இருக்கிறது என்றால் 1880-ஐ எடுங்கள்.

ஆசிரியையைத் தேடுபவர்களுக்கு ஒரு பொறி இருக்கிறது. 1850-இல் தொழில் என்ற கேள்வி 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களிடம் மட்டும் கேட்கப்பட்டது. ஒரு பெண் பத்து வருடம் பள்ளி நடத்தியிருந்தாலும் அந்தத் தாளில் அதற்கு இடமே இல்லை. 1860 முதல் பெண்களுக்கும் கேட்டார்கள். 'தொழில் இல்லை, அதனால் இவர் ஆசிரியை அல்ல, வேறு ஆள்' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நான் அப்படி ஒருவரைத் தள்ளிவிட்டுப் பிறகு தேடி எடுத்தேன்.

1850-களில் சில ஆண்டுகள் ஆபி மிச்சிகனில் பாடம் நடத்தினார். இரண்டு சென்சஸுக்கு நடுவே ஊர் மாறித் திரும்பியவரைச் சென்சஸ் பிடிக்காது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

1890 சென்சஸ்? கிட்டத்தட்ட முழுவதும் அழிந்துவிட்டது. 1921 ஜனவரியில் வாஷிங்டனில் பிடித்த தீயோடு தொடங்கிய அழிவு. அது எங்கேயாவது இருக்குமா என்று நான் நான்கு நாள் தேடினேன். இருந்திருந்தாலும் பயன் இல்லை: கணக்கெடுப்பு ஜூனில் நடந்தது, ஆபி பிப்ரவரியிலேயே இறந்துவிட்டார். தேடும் முன் இரண்டு தேதிகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

5. பதிவேடு எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள்

என் மாதங்கள் கரைந்தது இங்கேதான். அமெரிக்காவில் நிலப் பத்திரம் என்றால் கௌண்டி அலுவலகம் என்று எல்லோரும் சொல்வார்கள். வெர்மான்ட், கனெக்டிகட், ரோட் ஐலண்ட் மூன்று மாநிலங்களில் அப்படி இல்லை. அங்கே பத்திரப் பதிவு ஊர் அளவில் நடக்கிறது. லட்லோ நிலம் என்றால், ஊர்ப் பதிவேடுகளை வைத்திருக்கும் அலுவலரான லட்லோ டவுன் கிளார்க்கிடம்தான் கேட்க வேண்டும். நான் கௌண்டி அலுவலகம் ஒன்றுக்கு எழுதிவிட்டு ஆறு வாரம் காத்திருந்தேன். 'எங்களிடம் இல்லை' என்று ஒரு வரி வந்தது.

பிறப்பு, திருமணம், இறப்பும் டவுன் கிளார்க்கிடம்தான். வெர்மான்ட்டில் மாநிலம் முழுக்கச் சட்டப்படி பதிவு தொடங்கியது 1857-இல். அதற்கு 29 ஆண்டு முன் பிறந்தவர் பதிவில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பழைய பதிவுகளைப் பிற்காலத்தில் சிறு அட்டைகளில் படியெடுத்தார்கள். ஃபேமிலிசர்ச்சில் தேடும்போது முதலில் வருவது இந்த அட்டைதான். அட்டை என்பது நகல். படியெடுத்தவர் கை தவறியிருக்கலாம். ஊர்ப் பதிவேட்டின் பக்கத்தையே பார்க்காமல் தேதியை எழுதாதீர்கள்.

பக்கத்தைப் பார்க்கும்போது மையைக் கவனியுங்கள். ஒரு குடும்பத்தின் எல்லாப் பிள்ளைகளும் ஒரே கையெழுத்தில், ஒரே மையில் வரிசையாக இருந்தால், அப்பா ஒரு நாள் வந்து மொத்தமாகச் சொல்லி எழுதியது என்று அர்த்தம். மூத்த பிள்ளைகள் வேறு ஊரில் பிறந்தவர்களாகவும் இருக்கலாம்.

6. உடன்பிறந்தவர்களைத் தேடுங்கள்

ஆபி மணம் செய்துகொள்ளவில்லை. பிள்ளைகள் இல்லாதவரின் பெற்றோரை நிரூபிக்கும் தாள்கள் உடன்பிறந்தவர்கள் பெயரில்தான் கிடைக்கும். இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் என் வேலை நகர்ந்தது.

எல்லாவற்றிலும் மேலான தாள், அப்பா இறந்த பிறகு அவர் சொத்தைப் பிரிக்க நீதிமன்றத்தில் நடக்கும் புரோபேட் வழக்கு. உயில் இல்லாவிட்டால் இன்னும் நல்லது. சொத்தைப் பிரிக்க எல்லாப் பிள்ளைகளின் பெயரையும், மணமான பெண்களின் கணவர் பெயர், ஊர் வரை எழுதியிருப்பார்கள். உயில் புத்தகத்தை மட்டும் பார்த்துவிட்டு நகராதீர்கள். சொத்துப் பட்டியல், பங்கீடு, நிர்வாகியின் கணக்கு என்று ஒரே ஆளுக்குப் பல புத்தகங்களில் பக்கங்கள் இருக்கும். வெர்மான்ட்டில் இதற்கும் ஒரு கோணல் உண்டு: லட்லோ இருக்கும் விண்ட்சர் கௌண்டிக்குள் அந்தக் காலத்தில் விண்ட்சர், ஹார்ட்ஃபோர்ட் என்று இரண்டு புரோபேட் வட்டாரங்கள் இருந்தன. தப்பான வட்டாரத்தின் அட்டவணையில் பெயர் இல்லை என்பதற்காகக் கைவிட வேண்டாம்.

அட்டவணை இல்லாத பழைய மைக்ரோஃபிலிம்களை முன்பு பக்கம் பக்கமாகத் தள்ள வேண்டும். இப்போது ஃபேமிலிசர்ச்சில் முழு உரைத் தேடல் வந்திருக்கிறது. கையெழுத்தையே படித்துத் தருகிறது. பத்திரங்களுக்கும் புரோபேட்டுக்கும் இதை முதலில் போடுங்கள். சாட்சியாகக் கையெழுத்திட்ட பெயர்கூட வந்து விழும்.

அச்சிட்ட புத்தகமும் துப்புக் கொடுக்கும். ஆபி இறந்த பிறகு 1891-இல் வந்த கெசட்டியரின் ஐந்தாம் தொகுதியின் தலைப்புப் பக்கத்தில் வெளியிட்டவர் 'திருமதி கேரி இ. எச். பேஜ், பிராண்டன்' என்று இருக்கிறது. அந்த எச் ஹெமன்வே. கேரி அவருடைய தங்கை. மணமான பெண்ணின் பெயரில் கணவர் குடும்பப் பெயருக்கு முன் நிற்கும் ஓர் எழுத்தை ஒருபோதும் தாண்டிப் போகாதீர்கள். அங்கிருந்து பிராண்டன் ஊரின் பதிவுகளுக்கு வழி திறக்கிறது.

7. தொழில் விட்டுச் சென்ற தாள்கள்

ஆசிரியர் என்றால்: அகாடமிகள் ஆண்டுதோறும் மாணவர் பட்டியல் அச்சிட்டன. ஒவ்வொரு பெயரோடும் சொந்த ஊர் இருக்கும். ஆபி படித்தது லட்லோவில் இருந்த பிளாக் ரிவர் அகாடமி. நியூ இங்கிலாந்து ஊர்களின் ஆண்டறிக்கைகளில் எந்தப் பள்ளியில் யார் கற்பித்தார், என்ன சம்பளம் என்பதும் பல இடங்களில் உண்டு.

பத்திரிகை நடத்தியவர் என்றால்: அந்தக் காலத்து ஆசிரியர்கள் ஒருவருடைய இதழை ஒருவர் படித்துத் துணுக்கு எழுதினார்கள். யார் ஊர் மாறினார், யாருக்கு உடம்பு சரியில்லை, யார் அம்மா இறந்தார் என்று எல்லாம் வரும். குரோனிக்ளிங் அமெரிக்காவில் பர்லிங்டன் ஃப்ரீ பிரஸ், வெர்மான்ட் ஃபீனிக்ஸ், கிரீன் மவுண்டன் ஃப்ரீமேன் எல்லாம் கிடைக்கின்றன. 'ஆபி ஹெமன்வே' என்று தேடினால் கொஞ்சம்தான் வரும். 'மிஸ் ஹெமன்வே' என்று போடுங்கள். பத்திரிகைகள் அவரை அப்படித்தான் குறிப்பிட்டன. வரி முடிவில் பெயர் உடைந்து 'ஹெமன்' தனியாக, 'வே' தனியாக விழுந்திருக்கும், அதையும் தேடுங்கள். இரங்கல் குறிப்புக்கு இறந்த வாரத்தோடு நிறுத்தாமல் அடுத்த ஆறு வாரம் பாருங்கள், வார இதழ்களில் செய்தி மெதுவாகத்தான் வரும்.

ஊர் வரலாறு எழுதியவர் என்றால் அவர் புத்தகத்திலேயே அவர் குடும்பம் இருக்கும் என்று எதிர்பார்ப்போம். ஆபி விஷயத்தில் அது நடக்கவில்லை. மாநிலத்தின் மற்ற கௌண்டிகள் எல்லாம் அச்சேறின. அவர் பிறந்த விண்ட்சர் கௌண்டித் தொகுதி மட்டும் வெளிவரவே இல்லை. இதை அறிந்த அன்று எனக்கு வேலை ஓடவில்லை. ஆனாலும் மற்ற தொகுதிகளை விட்டுவிட வேண்டாம். அம்மா வழி, சகோதரிகள் வாழ்க்கைப்பட்ட வழி எல்லாம் வேறு ஊர்களில் இருக்கலாம். 1923-இல் வந்த தனி அட்டவணைத் தொகுதியை வைத்துத் தேடினால் நேரம் மிச்சம்.

8. அச்சிட்ட வம்சாவளிகளை நம்புவதற்கு முன்

ஹெமன்வே குடும்ப வரலாறுகள் 1630-களில் மாசசூசெட்ஸின் ராக்ஸ்பரியில் குடியேறிய ரால்ஃப் ஹெமன்வேயில் தொடங்கும். 'ஆகா, கிடைத்துவிட்டது' என்று லட்லோவையும் ராக்ஸ்பரியையும் ஒரு கோட்டால் இணைக்கக் கை துறுதுறுக்கும். இணைக்காதீர்கள். நடுவில் இருக்கும் ஒவ்வொரு அப்பா-மகன் கண்ணிக்கும் அந்தக் காலத்தில் எழுதப்பட்ட ஒரு தாளாவது வேண்டும். கண்ணி விட்டுப்போன இடத்தில் கோட்டை நிறுத்தி, 'இதுவரை ஆதாரம் உண்டு' என்று எழுதுங்கள்.

பழைய தாள்களில் 'ஜூனியர்' என்றிருந்தால் மகன் என்று பொருள் அல்ல. ஊரில் அதே பெயரில் இருந்த இருவரில் இளையவர், அவ்வளவுதான். மூத்தவர் இறந்ததும் இவரே அடைமொழி இல்லாமல் வருவார். 1752-க்கு முந்தைய தேதிகளில் 1731/32 என்று இரட்டை ஆண்டு பார்ப்பீர்கள். அப்போது புத்தாண்டு மார்ச் 25-இல் பிறந்தது. ஜனவரி முதல் அந்த நாள் வரையிலான தேதிகளுக்கு இரண்டு ஆண்டையும் எழுதினார்கள். ஒன்றை வெட்டிவிட்டு எழுதாதீர்கள், இருப்பதை அப்படியே எடுங்கள். 'மூன்று சகோதரர்கள் கப்பலில் வந்தார்கள்' என்று தொடங்கும் கதைகளை நான் இப்போது குறித்துக்கொள்வதுகூட இல்லை.

9. அலுவலகங்களுக்கு எழுதும் முறை

வெர்மான்ட் வரலாற்றுச் சங்கத்தின் நூலகம் பாரே நகரில் இருக்கிறது. அங்கேயோ டவுன் கிளார்க்குக்கோ எழுதும்போது ஒரு கடிதத்தில் ஒரே கேள்வி. முழுப் பெயர், ஏறத்தாழ எந்த ஆண்டு, எந்த ஊர், எந்தப் பதிவேடு, நீங்கள் ஏற்கனவே எதைப் பார்த்துவிட்டீர்கள், இவ்வளவும் ஐந்து வரிக்குள் இருக்கட்டும். 'இந்தக் குடும்பம் பற்றி இருப்பதை எல்லாம் அனுப்புங்கள்' என்று நான் முதலில் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் வரவில்லை. பக்க எண்ணோடு கேட்ட மூன்றாவதுக்கு ஒன்பதாம் நாள் ஸ்கேன் வந்தது.

சான்றளித்த நகல் கேட்காதீர்கள்; அது பாஸ்போர்ட், வழக்கு போன்றவற்றுக்கு. ஆராய்ச்சிக்குச் சாதாரண ஸ்கேன் போதும், செலவும் குறைவு. சிறிய அலுவலகங்கள் சிலவற்றில் அமெரிக்க வங்கிக் காசோலை மட்டும்தான் எடுப்பார்கள். கார்டு வாங்குவார்களா என்று முதல் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள். இல்லை என்றால் அங்கே இருக்கும் நண்பரிடம் சொல்லிக் கட்டச் செய்யலாம். சிறு ஊர் அருங்காட்சியகங்கள் பலவும் கோடையில்தான் திறந்திருக்கும், அதனால் நவம்பரில் அனுப்பிய மின்னஞ்சலுக்கு மே மாதம் பதில் வந்தால் ஆச்சரியம் இல்லை. உங்கள் கேள்விகளை மே முதல் செப்டம்பர் வரை வைத்துக்கொள்ளுங்கள்.

போன் செய்வதாக இருந்தால், வெர்மான்ட்டில் காலை 9 மணி என்பது கோடையில் நமக்கு மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. சிகாகோவுக்கு இன்னும் ஒரு மணி நேரம் தள்ளிக் கூப்பிடுங்கள்.